நாயும் பூனையும் வளரும் வீட்டை விற்கப் போகிறீர்களா?

எங்கள் ஆதம்பாக்கம் வீட்டை முதன்முதலில் பார்க்க வந்த அம்மா கூடத்தைத் தாண்டவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், இரண்டடி வைத்தார், புடவைத் தலைப்பு தானாக மூக்குக்குப் போனது. “பூனை வளர்க்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டார். அவர் கணவர் மரியாதைக்காகக் கிணற்றையும் மாடிப்படியையும் பார்த்துவிட்டு வந்தார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். இத்தனைக்கும் எங்கள் பூனை சின்னி அன்று வீட்டில் இல்லை, அக்கா வீட்டில் விட்டிருந்தோம். கூடத்தைக் காலையிலிருந்து இரண்டு முறை துடைத்திருந்தோம். எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் செலவழித்து நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். முதல் தடவை வீடு விற்பவர்களுக்கு, அதுவும் வீட்டில் நாய் பூனை இருப்பவர்களுக்கு, இது உதவும். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் காலம்

குறைந்தது ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் இருந்தால் நல்லது. ஆடி மாதத்தில் வீடு வாங்கவோ அட்வான்ஸ் கொடுக்கவோ நம் ஊரில் பலர் தயங்குவார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆள்வரத்து குறைவாக இருக்கும் அந்த மாதம் நமக்கு ஒரு வரம். ஆடியில் வேலையை முடித்து, ஆவணி பிறந்ததும் புரோக்கரிடம் சொன்னால் சரியாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் எதுவும் ஒழுங்காகக் காயாது. சுவரும் மரமும் ஈரம் குடித்தால், போய்விட்டது என்று நினைத்த வாடையெல்லாம் திரும்பி வரும்.

உறவினர் சிலர் இந்தச் சமயத்தில் தவறாமல் ஒரு யோசனை சொல்வார்கள்: “நாயை எங்கேயாவது விட்டுடுங்களேன்.” கேட்காதீர்கள். வளர்த்த பிராணியைச் சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்கும்படி விட்டுவிட்டு வருவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் கையில் சாப்பிட்டு வளர்ந்த உயிர் தெருவில் ஒரு வாரம் தாங்காது. வீட்டை விற்கப் பிராணியைக் கைவிட வேண்டிய அவசியமே இல்லை. வாடையையும் உண்ணியையும் கீறலையும் சரிசெய்தால் போதும்.

வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள்

ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். அதனால் உங்கள் வீட்டு வாடை உங்களுக்குத் தெரியாது. பிராணி வளர்க்காத ஒருவரை, முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லக்கூடியவரை, அழைத்து வாருங்கள். அவர் வருவதற்கு முந்தைய இரவு முழுக்க ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவர் உள்ளே வந்த முதல் நிமிடத்தில் சொல்வதுதான் கணக்கு. ஐந்து நிமிடம் ஆனால் அவர் மூக்கும் பழகிவிடும். ஒவ்வொரு அறையாக நடக்கச் சொல்லி, எங்கே வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்து பார்த்தது என் தோழி. கூடத்தில் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, சமையலறைக்குப் போகும் நிலைக்கதவு அருகே குனிந்து, “இங்கேதான்” என்றாள்.

மூத்திர வீச்சத்தை எடுப்பது

வீட்டு விலையைக் குறைப்பதில் இதற்குத்தான் முதலிடம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூனை மூத்திரத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது காய்ந்து சிறு படிகங்களாகத் தரை ஓட்டு இடுக்கிலும் மரத்திலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் எளிதில் கரையாது. சோப்புப் போட்டுத் துடைத்தால் மற்றவை போய்விடும், படிகம் அப்படியே இருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வீசும். நாய் மூத்திரத்தில் வீச்சம் அவ்வளவு காரமாக இருக்காது என்றாலும், ஒரே தூணில் ஐந்தாறு வருடம் போனால் அதுவும் ஊறிவிடும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கள்ள நோட்டு பார்க்கப் பயன்படும் ஊதா வெளிச்ச டார்ச் ஒன்று வாங்குங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்வரை மெதுவாக அடித்துக்கொண்டே போங்கள். பழைய மூத்திரக் கறை மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோபாக் கால், வாஷிங் மெஷினுக்குப் பின்புறம், திரைச்சீலையின் அடி ஓரம், பீரோ இடுக்கு, நிலைக்கதவின் அடிப்பகுதி ஆகியவற்றை விடாமல் பாருங்கள். சோப்புத் தூளும் இந்த வெளிச்சத்தில் மின்னும், அதனால் சந்தேகப்பட்ட இடத்தை மோந்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

அப்புறம் என்சைம் கிளீனர், அதாவது மூத்திரக் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம். பெரிய பெட் ஷாப்புகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம். பலர் இதை வாங்கிவிட்டு, சென்ட் தெளிப்பதுபோல் இரண்டு முறை அடித்துத் துடைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். அப்படிச் செய்யக்கூடாது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் துடைத்து எடுங்கள். பிறகு கிளீனரை நன்றாக ஊற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, இரவு முழுக்க ஈரம் காயாமல் விடுங்கள். காலையில் தாளை எடுத்துவிட்டு, தானாகக் காயவிடுங்கள். வீச்சம் மிச்சமிருந்தால் இதையே இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். அந்த இடத்தில் முன்பே பினாயிலோ டெட்டாலோ போட்டிருந்தால் நன்றாகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கிளீனரின் வேலை கெட்டுப்போகும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. மூத்திரம் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றாதீர்கள். மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் இன்னும் மோசம், குளோரின் வாயுவே வரும். மொசைக், மார்பிள் தரையில் ஆசிட் மட்டுமல்ல, வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூடக் கூடாது. மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லுகள்தான். அமிலம் பட்டால் மேல்பளபளப்பு அரித்துப்போய், வாங்குபவர் கண்ணுக்கு அந்த வெள்ளைத் திட்டுதான் முதலில் தெரியும். பூனை இருக்கும் வீட்டில் கறுப்புப் பினாயில், டெட்டால் போன்ற பினால் வகைச் சாமான்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷமாகும். அந்துருண்டையும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் நிலைக்கதவுப் பக்கத்தில் கிளீனரை மூன்று தடவை ஊற்றியும் தீரவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் உளியால் சுவரோர ஸ்கர்ட்டிங் ஓட்டில் ஒன்றைப் பெயர்த்தார். பின்னாலிருந்த சிமெண்ட் ஓரமெல்லாம் பழுப்பாக, உப்புப் பூத்திருந்தது. அதுவரை எங்களுக்குத் தெரியாத வீச்சம் அப்போது எங்களுக்கே அடித்தது. நான்கு ஓடுகளைக் கழற்றி, பழைய கலவையைச் சுரண்டி, அந்த இடத்தில் கிளீனரை ஊற்றி, ஒரு வாரம் ஃபேன் போட்டுக் காயவிட்டு, புது ஓடு பதித்தோம். மொத்தச் செலவும் ஒரு நாள் கூலியும் நான்கு ஓடும்தான். இதைச் செய்யாமல் மேலே பெயின்ட் அடித்திருந்தால் மழைக்காலத்தில் எல்லாம் திரும்பியிருக்கும்.

துணியும் பஞ்சும் வேறு விஷயம். திரைச்சீலை, சோபா உறை, மிதியடி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். சோபா மெத்தையில் ஆப்ப சோடாவைத் தூவி, மறுநாள் வாக்குவம் பிடியுங்கள். மூத்திரம் உள்ளே இறங்கிய மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஏசி வடிகட்டியைக் கழுவி, முழு சர்வீஸ் ஒன்று செய்யுங்கள். ஃபேன் றெக்கையின் மேல்பக்கம் முடி ஒட்டியிருக்கும், அதையும் பாருங்கள்.

ஆண் பூனை திடீரென்று சுவரில் பீய்ச்சுகிறது என்றால், பெரும்பாலும் கருத்தடை செய்யாததுதான் காரணம். அறுவை செய்தால் பெரும்பாலானவை நிறுத்திவிடும், வீச்சமும் குறையும். ஆனால் மூத்திரம் போக முக்கி முக்கி நின்றால், சொட்டுச் சொட்டாகப் போனால், அது அடைப்பாக இருக்கலாம். வீட்டு வேலையெல்லாம் அப்புறம், அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்

வீடு பார்க்க வந்தவர் காலில் ஒரு உண்ணி ஏறினால் போதும், அந்தச் செய்தி தெரு முழுக்கப் போய்விடும். நாயில் இருக்கும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் முடிக்கக்கூடியது. பெண் உண்ணி ரத்தம் குடித்துப் பருத்ததும் நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மேலே ஏறும் குணம் அதற்கு. அதனால் தரையை மட்டும் பார்த்தால் போதாது. திரைச்சீலை மடிப்பு, கதவு நிலை, மாட்டியிருக்கும் படங்களின் பின்புறம், சுவிட்ச் போர்டு ஓரம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். நாய்க்கு என்ன மருந்து என்பதை மருத்துவர் சொல்லட்டும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைமீது ஒருபோதும் போடாதீர்கள், உயிரே போய்விடும். வீட்டில் விரிசல்களைச் சிமெண்டோ பட்டியோ வைத்து அடைத்துவிட்டு, பூச்சி மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு நாய் பூனை வெளியே, மருந்து முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே. மீன் தொட்டி இருந்தால் காற்று மோட்டாரை நிறுத்தி, தொட்டியை நன்றாக மூடுங்கள். அந்த மருந்துகள் மீனுக்கு மிகக் கொடிய விஷம். மூடி வைத்து நெடுநேரம் விட முடியாது, அதனால் தொட்டியை வேறு வீட்டுக்கு மாற்ற முடிந்தால் அதுதான் பத்திரம். ஒரு தடவை அடித்தால் முட்டைக்குள் இருப்பது தப்பிக்கும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

தெள்ளுப்பூச்சியில் ஒரு சங்கதி உண்டு. கூட்டுப்புழுவாக வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூட அது சும்மா கிடக்கும். ஆள் நடக்கும் அதிர்வும் உடல் சூடும் பட்டால் வெளியே வரும். நீங்கள் வீட்டைக் காலி செய்து ஒரு மாதம் பூட்டி வைத்துவிட்டு, பிறகு ஆள் கூட்டிவந்து காட்டினால், அத்தனையும் அந்தச் சமயத்தில் கிளம்பும். ஆகவே காலி செய்யும் முன்பே வாக்குவம் பிடித்து மருந்தடிப்பது நல்லது.

கீறல், பிறகுதான் பெயின்ட்

வரிசை முக்கியம்: வாடை, பூச்சி, மரவேலை, கடைசியில் பெயின்ட். எங்கள் பெயின்டர், “ஒரு கோட் அடிச்சா எல்லாம் போயிடும்” என்றார். போகாது. உள்ளே உப்பு இருக்கும் சுவரில் பெயின்ட் உரிந்துவிடும். காய்ந்த சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் பெயின்ட்.

கதவில் நாய் பிறாண்டிய கோடுகளுக்கு ஆசாரியிடம் கொடுங்கள். தேக்காக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆழமான கோட்டில் மரத்தூள் பசை அடைத்து, பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும். பழைய முறை பிரெஞ்ச் பாலிஷ் அரக்கில் செய்வது. அரக்கு மரத்தில் மிச்சமிருக்கும் வாடையையும் உள்ளே பூட்டிவிடும் என்பதால், நிலைக்கதவின் அடிப்பகுதிக்கு நான் அதையே கேட்டு வாங்கினேன். பூனை கிழித்த கொசுவலைகளை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை.

வெளியே தோட்டம் இருந்தால், நாய் தோண்டிய குழிகளை மூடி, மலத்தை நாள்தோறும் அள்ளுங்கள். மூத்திரம் பட்டுக் கருகிய புல்லில் தினமும் தண்ணீர் விட்டால் ஒரு மாதத்தில் தேறும்.

போட்டோ எடுக்கும் நாள்

சோற்றுத் தட்டு, சங்கிலி, கூண்டு, பூனை மலம் கழிக்கும் மண் தட்டு எல்லாம் கண்ணில் படாமல் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: கூண்டில் பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருந்தால், படத்தில் மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அவற்றை வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஆட்கள் பார்க்க வரும்போது

“எங்க நாய் ஒண்ணும் செய்யாது” என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். நாய்க்குப் பயந்தவர் வீட்டைப் பார்க்க மாட்டார், நாய் எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். நாய்க்கும் இது வேதனை. தன் வீட்டுக்குள் அந்நியர் அறை அறையாக நுழைவதைப் பார்த்துக்கொண்டு கட்டிக்கிடப்பது அதற்கு எவ்வளவு பாரம் என்பது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கறுப்பன் முதல் வாரத்தில் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய், இரவுச் சோற்றைத் தொடாமல் வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தான். அதன் பிறகு ஒருநாள்கூட அவனை வீட்டில் வைத்துக்கொண்டு ஆள் காட்டவில்லை.

புரோக்கரிடம் இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்பே போன் செய்ய வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே காட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு மணிவரை ராகு காலம் என்பதால் பலர் காலையில்தான் வருவார்கள். அது நமக்கு வசதி. காலை நடைக்கு நாயை ஒருவர் அழைத்துப்போக, இன்னொருவர் வீட்டைக் காட்டலாம். மதிய நேரத்தில் தார் ரோட்டில் நடத்தாதீர்கள், பாதம் வெந்துவிடும். காரில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்பதும் கூடாது, சென்னை வெயிலில் சில நிமிடத்தில் உள்ளே கொதித்துவிடும். தெரிந்தவர் வீட்டில் ஃபேனுக்குக் கீழே விட்டுவிட்டு வாருங்கள்.

பூனைக்குக் கூடையை இரண்டு வாரம் முன்பே திறந்து, உள்ளே அதன் பழைய துணியைப் போட்டு, ஹாலில் வைத்துவிடுங்கள். தானாகப் போய்ப் படுக்கப் பழகிய பூனையைத் தூக்குவது சுலபம். ஆள் வாசலில் வந்து நிற்கும்போது கட்டிலுக்கடியில் துரத்திப் பிடித்தால், பயத்தில் அது அங்கேயே பெய்துவிடும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாசனை போட வேண்டாம். சாம்பிராணிப் புகை மணக்கும் வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வருபவருக்குத் தோன்றும். யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய் வகைகள் பூனைக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து காற்று வரவிடுங்கள், போதும்.

கேட்டால் மறைக்காதீர்கள்

பிராணி வளர்த்ததைச் சொல்லிவிடுங்கள். பூனையிடமிருந்து வரும் ஒவ்வாமைத் துகள்கள், பூனை போன பிறகும் பல மாதம் துணியிலும் சுவரிலும் தங்கும். வாங்குபவர் வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருந்தால் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை எதுவும் வீட்டில் இருந்து, அது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்வது விற்பவர் கடமை என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவு சொல்கிறது. நாங்கள் ஓடு மாற்றிய இடத்தைக் கொத்தனார் எடுத்த போட்டோவோடு காட்டினோம். வாங்கியவர் அதைப் பார்த்துவிட்டு, வேறெதற்கும் துருவிக் கேட்கவில்லை.

அடுக்குமாடியாக இருந்தால், “இங்கே நாய் வளர்க்க விடுவார்களா?” என்று கேட்பவர்களும் உண்டு. குடியிருப்போர் சங்கம் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்துக் காட்டலாம். பிராணி பிரியர்கள் வாங்க வந்தால் உங்கள் பால்கனி வலையும் பூனைக்கதவும் அவர்களுக்குப் பிடித்துவிடும். கழற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சாவி கொடுக்கும் வாரம்

மூட்டை கட்டும் நாட்களில் பூனையைச் சாமான் அதிகம் அசையாத ஒரு அறையில் வைத்து, கதவைச் சாத்தி, “பூனை உள்ளே” என்று தாள் ஒட்டுங்கள். லாரி ஆட்கள் வாசலைத் திறந்தே வைப்பார்கள். பூனைகள் தொலைவது அந்த நாளில்தான். புது வீட்டிலும் இரண்டு வாரம் ஒரே அறை, அதே பழைய துணி, அதே தட்டு. அதற்கு முன் வெளியே விட்டால் பழைய வீட்டைத் தேடி நடக்கத் தொடங்கிவிடும். வாங்கியவரிடமும் எதிர்வீட்டிலும் உங்கள் எண்ணையும் பூனையின் படத்தையும் கொடுத்து வையுங்கள். நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்கியிருந்தால் புது முகவரியை அதில் மாற்றுவதோடு, கழுத்துப்பட்டையிலும் புது எண்ணை எழுதிவிடுங்கள்.

வாசலில் சோறு வைத்துப் பழக்கிய தெருநாய்கள் இருந்தால், திடீரென்று நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வாசலுக்கு இரவு எட்டரைக்கு மூன்று வரும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தட்டை நாளுக்கு நாள் தள்ளி, நான்கு வீடு தாண்டி இருக்கும் அக்கா வாசலுக்குக் கொண்டுபோனேன். கடைசி வாரத்தில் அவர் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டன.

எங்கள் பழைய நாய் ரோஸியைக் கொல்லையில் பவழமல்லிக்கு அடியில் புதைத்திருந்தோம். பத்திரம் பதிவான அன்று, வாங்கியவரின் அம்மாவிடம் அந்த மரத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெட்ட மாட்டோம்மா, நீங்க எப்ப வேணா வந்து பூ எடுத்துக்கோங்க” என்றார்.